விரிதாளும் ஆய்வுகூடத் தரவும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

விஞ்ஞானப் பரிசோதனைத் தரவுகளைக் கையாளும் முறை நமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒரு தலைமுறைக் காலத்துள் முற்றாக மாறியுள்ளது. மடக்கை அட்டவணை, வரைபுத்தாள், கூரிய பென்சில் ஆகியவை இருந்த இடத்தில் இன்று இலத்திரனியல் விரிதாள் அமர்ந்துள்ளது. க.பொ.த. சாதாரண தர மாணவர் தகவல் தொழினுட்பப் பாடத்தில் அதனைக் கற்கின்றனர். எனினும் அங்கு அவர்கள் கற்பது பெரும்பாலும் புள்ளிப் பட்டியலும் வரவு செலவுக் கணக்குமேயாகும். அதே கருவியை ஆய்வுகூடத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும், அவ்வாறு பயன்படுத்துகையில் எந்த மனப்பாங்கு வேண்டப்படுகிறது என்பதையும் திருகோணமலைத் துறைமுகச் சூழலிலிருந்து பெறும் இரு எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. எதிர்பார்த்த விடையை விரைவாகப் பெறுவதற்கும் விரிதாள் உதவும். எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் இடையிலான வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டுவதற்கும் அது உதவும். முன்னையது விடையை ஒப்பேற்றும் பழக்கம், பின்னையதே விஞ்ஞானம்.

விரிதாளின் அமைப்பு

1979இல் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய விசிகல்க் என்னும் செய்நிரலே தனியாள் கணினிக்கான முதல் விரிதாளாகும். 1983இல் லோட்டஸ் 1-2-3 உம், 1985இல் எக்செல்லும் அதனைத் தொடர்ந்தன. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் கல்க் போன்றவையும் இன்று உள்ளன. இவையாவும் வணிகக் கணக்கை நோக்கிப் பிறந்தவை அல்லது அவ்வழி வந்தவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆய்வுகூடத்தில் ஏற்படும் இடர்ப்பாடுகள் சிலவற்றுக்கு அப்பிறப்பே காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

விரிதாள் கிடையான நிரைகளாலும் நிலைக்குத்தான நிரல்களாலும் ஆனது. அவை வெட்டுமிடம் கலம் எனப்படும். நிரலின் எழுத்தும் நிரையின் எண்ணும் சேர்ந்து கலத்தின் முகவரியாகின்றன. ஒரு கலத்தில் எண்ணை இடலாம். அல்லது வேறு கலங்களைச் சுட்டும் சூத்திரத்தை இடலாம். சூத்திரத்தைக் கீழ்நோக்கிப் பிரதி செய்யும்போது அது சுட்டும் முகவரிகளும் நிரைக்கேற்ப மாறும். மாறக்கூடாத முகவரிக்கு டொலர்க் குறி இடவேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையே தொடக்க மாணவரின் வழுக்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஏதுவாகும்.

எளிய ஊசலும் 9.81 என்னும் எண்ணும்

உயர்தரப் பௌதிகவியல் மாணவர் யாவரும் அறிந்த எளிய ஊசற் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி 50 அலைவுகளுக்கான நேரத்தை இருமுறை அளக்கிறோம். ஏ நிரலில் நீளத்தை மீற்றரிலும், பி, சி நிரல்களில் இரு நேர அளவீடுகளைச் செக்கனிலும் பதிகிறோம். அலைவுகளின் எண்ணிக்கையாகிய 50ஐ எச்1 என்னும் தனிக் கலத்தில் இடுகிறோம். டி2 கலத்தில் =(பி2+சி2)/(2*$எச்$1) எனும் சூத்திரம் அலைவுகாலத்தைத் தரும். ஈ2 கலத்தில் =டி2^2 என்பது அதன் வர்க்கத்தைத் தரும். இவ்விரு சூத்திரங்களையும் கீழே பிரதி செய்தால் அட்டவணை நிறைவுறும்.

அடுத்து வரைபு. நீளத்தைக் கிடையச்சிலும் அலைவுகாலத்தின் வர்க்கத்தை நிலைக்குத்தச்சிலும் குறித்தல் வேண்டும். இங்கு 'சிதறல்' வகை வரைபையே தெரிவு செய்ய வேண்டும். 'கோட்டு' வகையை அன்று. கோட்டு வகை வரைபு கிடையச்சுப் பெறுமானங்களை வெறும் பெயர்களாகக் கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். 20, 40, 60, 100 சென்ரிமீற்றர் என்னும் நீளங்களை அளந்த ஒருவர் அவ்வகையைத் தெரிந்தால் 60இற்கும் 100இற்கும் இடையிலான தூரம் 20இற்கும் 40இற்கும் இடையிலான தூரத்துக்குச் சமமாகிவிடும். மாதாந்த விற்பனையைக் காட்டுவதற்கு உகந்த அவ்வமைப்பு பௌதிகத் தொடர்பைத் திரித்துவிடுகின்றது.

வரைபு நேர்கோடாயின் ஸ்லோப் என்னும் சார்பு அதன் படித்திறனையும், இன்டர்செப்ட் என்னும் சார்பு வெட்டுத்துண்டையும் இழிவு வர்க்க முறையால் கணித்துத் தரும். பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கைப் படித்திறனால் வகுக்கப் புவியீர்ப்பு ஆர்முடுகல் பெறப்படும்.

ஒவ்வொரு நிரையிலும் ஆர்முடுகலைத் தனித்தனியே கணித்துச் சராசரி காண்பது எளிதன்றோ, வரைபு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை காண, மாணவர் ஒருவர் ஊசற்குண்டின் மையம்வரை அளவாது அதன் மேல்விளிம்புவரை மட்டுமே நீளத்தை அளந்தார் எனவும், குண்டின் ஆரை 1 சென்ரிமீற்றர் எனவும் கொள்வோம். உண்மைப் பெறுமானம் 9.781 ஆயின், வேறு வழு எதுவும் இல்லாதவிடத்தும், 20 சென்ரிமீற்றர் நிரையில் 9.315 எனவும், 100 சென்ரிமீற்றர் நிரையில் 9.684 எனவும் விடைகள் அமையும். 20, 40, 60, 80, 100 ஆகிய ஐந்து நீளங்களின் சராசரி 9.56 ஆகும். நூற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட இவ்வழுவைச் சராசரி மறைத்துவிடுகிறது. வரைபோ அதனை மறைப்பதில்லை. கோடு உற்பத்திப் புள்ளியூடாகச் செல்லாது 0.04 செக்கன் வர்க்கம் அளவான வெட்டுத்துண்டைக் காட்டும். படித்திறனோ இவ்வழுவாற் சிறிதும் பாதிக்கப்படாமல் 9.781ஐயே தரும். வரைபு அலங்காரமன்று, அது ஒரு விசாரணை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இங்கு 9.781 என்று கூறியதை வாசகர் கவனித்திருப்பர். பௌதிக நூல்களில் பெரிதும் வழங்கும் 9.81 என்பது இலண்டனுக்கும் பாரிசுக்கும் பொருந்தும் எண்ணாகும். புவி தன்னைத் தானே சுற்றுவதாலும் துருவங்களிலே தட்டையாக இருப்பதாலும் ஈர்ப்பு ஆர்முடுகல் மத்தியகோட்டில் ஏறக்குறைய 9.780 ஆகவும் துருவங்களில் 9.832 ஆகவும் அமைகின்றது. வட அகலாங்கு 8 பாகை 34 கலையில் உள்ள திருகோணமலைக்கு நியமச் சூத்திரம் தரும் பெறுமானம் 9.781 ஆகும். எனவே 9.78 என்று பெற்ற திருகோணமலை மாணவர் பிழைவிட்டவர் அல்லர். ஆயினும் அவ்விடையைக் கண்டதும், "நூலில் உள்ளது வரவில்லையே" என்று அளவீடொன்றை அழித்துத் திருத்தும் வழக்கம் எத்துணை ஆய்வுகூடங்களில் உள்ளது என்பதை ஆசிரியர் அறிவர். விரிதாளில் இவ்வழக்கம் இன்னும் எளிதாகிவிட்டது. ஒரு கலத்தில் இலக்கமொன்றை மாற்றினால் படித்திறன் அக்கணமே மாறுகிறது. வேண்டிய எண் வரும்வரை மாற்றிக்கொண்டே போகலாம். வரைபுத்தாளில் அழித்த தடமாவது எஞ்சும். இங்கு அதுவும் இல்லை.

வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைப் புகட்டுகின்றது. 1672இல் ஜீன் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்றார். திருகோணமலையைப் போன்றே மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ள அவ்வூரில், பாரிசில் செப்பனிடப்பட்ட அவரது ஊசற் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. அளவீட்டு வழுவென ஐயுற்றோரும் இருந்தனர். ஆனால் ரிஷே தம் பதிவைப் பாரிசுக்கு இசைவாகத் திருத்தவில்லை. புவி மத்தியில் புடைத்தது என்னும் தமது கொள்கைக்கு நியூட்டன் காட்டிய சான்றுகளுள் அப்பதிவும் ஒன்றாயிற்று.

வழுவின் எல்லை

எனினும் 9.781ஐயும் 9.81ஐயும் ஒரு பாடசாலை ஊசலால் வேறுபடுத்த இயலுமா என்பது நியாயமான வினாவே. ஒரு மீற்றர் நீளமான ஊசல் 50 அலைவுகளுக்கு, முதற் பெறுமானத்தின்படி 100.45 செக்கனும் இரண்டாவதன்படி 100.30 செக்கனும் எடுக்கும். வேறுபாடு 0.15 செக்கன், நிறுத்தற் கடிகாரத்தை இயக்கும் கையின் தாமதமும் ஏறத்தாழ அவ்வளவே. அலைவின் வீச்சமும் கவனிக்கற்பாலது. ஊசலை 10 பாகைக்கு விலக்கி விட்டால் அலைவுகாலம் ஏறக்குறைய நூற்றுக்கு 0.19 கூடும். இதனால் கணிக்கப்படும் ஆர்முடுகல் 9.744 ஆகக் குறையும். இக்குறைவு நாம் தேடும் வேறுபாட்டினும் பெரிது.

ஆகையால் விரிதாள் 9.78146372 என்று எட்டுத் தசமதானங்களில் விடை தந்தாலும் அத்தனை இலக்கங்களுக்கும் பொருள் இல்லை. லின்எஸ்ட் என்னும் சார்பு படித்திறனுடன் அதன் நியம வழுவையும் தருகின்றது. அதனைப் பயன்படுத்தி, '9.79, வழு எல்லை 0.03' என்று எழுதும் மாணவர் 9.78உம் 9.81உம் ஒருங்கே அவ்வெல்லைக்குள் அடங்குவதைக் காண்பார். "எனது கருவியால் இவற்றை வேறுபடுத்த இயலாது" என்பதே அவரது நேர்மையான முடிபாகும். 200 அலைவுகளை அளந்தால் வேறுபாடு 0.6 செக்கனாக வளரும். சிறு வீச்சத்தைக் கைக்கொண்டால் மற்றைய வழுவும் நீங்கும். அப்போது திருகோணமலையின் எண் திருகோணமலையிலேயே வெளிப்படும்.

இதற்குத் துணையாக அட்டவணையில் மேலும் ஒரு நிரலைச் சேர்த்தல் நன்று. அளந்த பெறுமானத்திலிருந்து கோடு தரும் பெறுமானத்தைக் கழித்து வருவது 'மீதி' ஆகும். மீதிகள் பூச்சியத்தின் இருபுறமும் ஒழுங்கின்றிச் சிதறினால் கோடு பொருத்தமானது. அவை வளைவாகவோ படிப்படியாகவோ செல்லுமாயின் நாம் கருதாத ஏதோவொரு காரணம் செயற்படுகின்றது. தொடர்புக் குணகம் ஒன்றை மட்டும் நோக்கின் இது புலப்படாது. 1973இல் பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்னும் புள்ளிவிபரவியலாளர் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிற்கும் சராசரிகள், தொடர்புக் குணகம், பொருத்திய நேர்கோடு யாவும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தாலோ ஒன்று நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைவு, மற்றை இரண்டும் ஒற்றைப் புள்ளியால் திரிக்கப்பட்டவை.

ஆய்வுகூடத்தின் சுவருக்கு அப்பால்

ஊசல் எந்த அறையிலும் ஆடும். ஆனால் திருகோணமலை மாணவரின் வாயிலில் அதனினும் பெரிய ஊசலொன்று உள்ளது. அது கடல். கொட்டியாரக்குடாவிலும் உட்துறைமுகத்திலும் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆயினும் மறைவான இறங்குதுறைத் தூணொன்றில் அளவுகோல் பொருத்திச் சென்ரிமீற்றரில் வாசிக்கப் போதுமானது. நம் முன்னோர் ஓதம் என்றழைத்த இவ்வியக்கத்தில் தலையாய கூறு சந்திரனால் எழுவது. அதன் காலம் 12.42 மணித்தியாலம். சூரியனால் எழும் கூறின் காலம் சரியாக 12 மணித்தியாலம். இவ்விரண்டும் ஒன்றையொன்று முந்திச் சென்று மீண்டும் இணைவதற்கு 14.77 நாள் செல்லும். முழுநிலவையும் மறைநிலவையும் ஒட்டி உவாப் பெருக்கு ஏற்படுவது இதனாலேயாம்.

மாணவர் குழுவொன்று பாடசாலைக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் காலை 8 மணிக்குக் கடல்மட்டத்தை வாசித்து இரு மாதங்கள் பதிவதாகக் கொள்வோம். ஒழுங்கும் உழைப்பும் நிறைந்த முயற்சிதான். அத்தரவை வரைந்தால் ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகிய அலை தோன்றும். 'திருகோணமலையிற் கடல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையே ஏறி இறங்குகிறது' என்ற முடிபுக்கு அக்குழு வரக்கூடும். முடிபு முற்றும் தவறு. கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது.

நேர்ந்தது யாது? 24 மணித்தியாலத்தில் சந்திரக் கூறு 1.932 தடவை நிகழ்கின்றது. இரு முழு அலைகளுக்கு 0.068 குறைவு. எனவே ஒவ்வொரு நாட் காலையிலும் அது சற்றே பிந்திய நிலையிற் காணப்படும். இப்பிந்தல்கள் திரண்டு ஒரு முழு அலையாவதற்கு 14.77 நாள் வேண்டும். சூரியக் கூறோ நாள்தோறும் 8 மணிக்கு ஒரே நிலையில் இருப்பதால் அறவே மறைந்துவிடும். ஆகவே வரைபில் தோன்றியது கடலின் அலையன்று; நமது கால அட்டவணையின் நிழலேயாகும். எந்தச் சூத்திரமும் இவ்வழுவைப் பின்னர்த் திருத்த முடியாது. பரிசோதனையைத் திட்டமிடும்போதே அதனைத் தவிர்க்க வேண்டும்.

மணிக்கொரு வாசிப்பென 15 நாள் பதிந்தால் 360 நிரைகள் கிடைக்கும். சந்திரக் கூறையும் சூரியக் கூறையும் பிரித்தறிய ஏறத்தாழ இத்துணைக் காலம் வேண்டும். ஏ நிரலில் மணித்தியாலமும் பி நிரலில் கடல்மட்டமும் அமைக. அடுத்த நான்கு நிரல்களில், ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கோசைனும் ஒரு சைனும் வருமாறு சூத்திரம் எழுதுக. இங்கு ஓர் எச்சரிக்கை: விரிதாளின் கோசைன் சார்பு கோணத்தைப் பாகையில் ஏற்பதில்லை, ஆரையனிலேயே ஏற்கும். எனவே நேரத்தை 12.42ஆல் வகுத்து 360ஆற் பெருக்குதல் கூடாது; பையின் இருமடங்காற் பெருக்க வேண்டும். பின்னர் லின்எஸ்ட் சார்பை இந்நான்கு நிரல்கள் மீதும் இயக்கினால் நான்கு குணகங்கள் பெறப்படும். ஒரு கூறின் இரு குணகங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதன் வீச்சம் கிடைக்கும். நாளுக்கொரு முறை நிகழும் கூறுகளையும், அதாவது 23.93, 25.82 மணித்தியாலக் கூறுகளையும், இவ்வாறே சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கும் மீதி நிரலே மிகச் சுவையானது. வற்றுப்பெருக்கை நீக்கியபின் எஞ்சுவது காற்றின் செயலும் வளிமண்டல அமுக்கத்தின் செயலுமாகும். அமுக்கம் ஒரு ஹெக்ரோபஸ்கால் குறையக் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். 1964 டிசம்பரிற் சூறாவளியாலும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாலும் தாக்கப்பட்ட ஒரு மாவட்டத்துக்கு இது ஏட்டுக் கல்வியன்று. ஆழிப்பேரலையின் காலம் சில நிமிடங்கள் முதல் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வரையிலானது. மணிக்கொரு வாசிப்பு அதனைச் சரிவரக் காணாது. எத்துணை அடிக்கடி அளக்கிறோம் என்பதே எதைக் காண்போம் என்பதைத் தீர்மானிக்கிறது.

எண்கள் யாருக்குரியவை?

இக்கணிப்பின் வரலாற்றில் சமூகப் பொருளும் உண்டு. வற்றுப்பெருக்கைக் கூறுகளாகப் பகுத்து எதிர்வுகூறும் பொறியை வில்லியம் தொம்சன் 1872இல் வகுத்தார். இந்தியத் துறைமுகங்களுக்கென எட்வேட் ரொபேட்ஸ் வடிவமைத்த பொறி 1879இல் இலண்டனில் உருவாயிற்று. பல கூறுகளைப் பற்சில்லுகளாலும் கப்பிகளாலும் கூட்டிய அப்பொறியின் பணியையே இன்று ஒரு விரிதாள் செய்கின்றது. அன்று அக்கணிப்பு பேரரசின் கப்பல்களுக்கு உரியதாயிருந்தது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை அவர்களது கடற்படைத் தளமாக விளங்கிற்று. கடலை நம்பி வாழ்ந்த கிண்ணியா, மூதூர் மக்கள் நீரின் போக்கை அனுபவத்தால் அறிந்திருந்தனர். எண்களோ பிறர் கையில் இருந்தன. அளவுகோலும் சாதாரணக் கணினியும் உள்ள பாடசாலை எதுவும் இன்று அவ்வெண்களைத் தானே பெறலாம் என்பது சிறிய மாற்றமன்று.

ஆயினும் கருவி பரவுவதனால் மட்டும் அறிவு பொதுமையாகிவிடாது. கணிப்பைப் பிறர் சோதிக்க இடமும் வேண்டும். 2010இல் பொருளியலாளர் இருவர், அரச கடன் தேசிய உற்பத்தியின் நூற்றுக்கு 90ஐத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மறை 0.1 வீதம் எனக் காட்டினர். பல நாடுகளில் சிக்கனக் கொள்கைக்கு ஆதரவாக அக்கட்டுரை எடுத்தாளப்பட்டது. 2013இல் மாசசூசெற்ஸ் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர் தோமஸ் ஹேண்டன் அவர்களது விரிதாளைப் பெற்று ஆராய்ந்தபோது, சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் நிரைகளை விட்டுவிட்டமை தெரியவந்தது. அதனோடு தரவுத் தெரிவிலும் நிறையளித்த முறையிலும் இருந்த குறைகளையும் நீக்கி அவரும் அவரது ஆசிரியர்களும் கணித்தபோது வளர்ச்சி 2.2 வீதமாயிற்று. கடன், சிக்கனம் ஆகிய சொற்களின் பாரத்தை 2022இன் பின் இலங்கை வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. வழுவைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர் என்பதும், விரிதாள் அவர் கைக்குக் கிடைத்தமையாலேயே அது இயன்றது என்பதும் குறிப்பிடத்தக்கன.

வணிகப் பிறப்பின் தடம் உயிரியலிலும் உண்டு. மாதப் பெயர்களை ஒத்த சில மரபணுக் குறியீடுகளை விரிதாள் திகதிகளாகத் தானே மாற்றிவந்தது. முடிவில் 2020இல் மரபணுப் பெயரீட்டுக் குழு அக்குறியீடுகளையே மாற்ற நேர்ந்தது. கருவி மனிதருக்கு இசையாதவிடத்து மனிதர் கருவிக்கு இசைந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முடிபாகச் சில நடைமுறைகள்

மேற்கூறியவற்றினின்றும் ஆய்வுகூடத்துக்குரிய சில விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, அளவீடுகளை அளந்த கணத்திலேயே குறிப்பேட்டில் மையால் எழுதி, அதன்பின் விரிதாளில் ஏற்றுதல். விரிதாள் குறிப்பேட்டுக்குப் பதிலி அன்று. இரண்டாவது, மூலத் தரவை ஒரு தாளிலும் கணிப்பை மற்றொரு தாளிலும் வைத்து, மூலத் தரவை மாற்றாது காத்தல். ஒரு வாசிப்பை ஒதுக்கவேண்டின் அழிக்காது, காரணத்தை அருகிற் குறித்தல். மூன்றாவது, நிரல் ஒவ்வொன்றுக்கும் பெயரும் அலகும் எழுதுதல். நான்காவது, ஒரு நிரையையாவது கையாற் கணித்துச் சூத்திரத்தைச் சரிபார்த்தல். ஐந்தாவது, கோடு பொருத்துமுன் புள்ளிகளை வரைந்து நோக்குதல்; பொருத்தியபின் மீதிகளை வரைந்து நோக்குதல். ஆறாவது, விரிதாளை மற்றொரு குழுவிடம் கொடுத்துச் சோதிப்பித்தல்.

புள்ளியிடும் முறையும் இதற்கேற்ப மாறவேண்டும். 9.81 என்னும் விடைக்குப் புள்ளி வழங்கும்வரை மாணவர் 9.81ஐயே கொண்டுவருவர், அதற்கு விரிதாள் சிறந்த துணையாகவும் இருக்கும். தான் அளந்ததை மாற்றாது எழுதி, வேறுபாட்டின் அளவையும் அதற்கான காரணத்தையும் காட்டும் மாணவருக்குக் கூடிய புள்ளி கிடைக்குமாயின், அதே விரிதாள் வேறொரு கருவியாகிவிடும். தம் ஊரில் தாம் அளந்த எண்ணை, பிறிதோரூரில் அச்சிட்ட எண்ணுக்காகக் கைவிடாத துணிவும், தமது எண்ணின் வழு எல்லையை மறைக்காத நேர்மையும் ஒருங்கே வளர்வதற்கு ஆய்வுகூடத்தினும் ஏற்ற இடம் வேறில்லை.